ஜெர்மனியில் குழந்தை பிறக்கப்போகிறதா? காகித வேலைகளை இந்த வரிசையில் முடியுங்கள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் முதல் பிரசவத்துக்கு மருத்துவமனைப் பையைக் கட்டி வைக்காதவர்கள் கிடையாது. ஃபைலைக் கட்டி வைப்பவர்கள்தான் குறைவு. அதனால் குழந்தை தவழத் தொடங்கிய பிறகும் பிறப்புச் சான்றிதழுக்காக அலைகிற வீடுகளைப் பார்க்கிறோம்.

வேலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பெற்றோரின் சான்றிதழ்கள் சரியாக இருந்தால்தான் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரும். அது வந்தால்தான் இந்தியப் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்தால்தான் குடியிருப்பு அனுமதி அட்டை. அந்த அட்டை இருந்தால்தான் ஊருக்குப் போய்விட்டுச் சிக்கலில்லாமல் திரும்ப முடியும். முதல் கண்ணியில் மூன்று மாதம் தாமதமானால் கடைசிக் கண்ணியில் அது ஆறு மாதமாகிவிடுகிறது.

கீழே உள்ளவை, இருவரும் இந்தியக் குடிமக்கள், திருமணமானவர்கள், புளூ கார்டிலோ (உயர்தகுதி வேலைக்கான குடியிருப்பு அனுமதி) வேலை அனுமதியிலோ இருப்பவர்கள் என்ற நிலைக்கானவை. சட்டம் நாடு முழுவதும் ஒன்றுதான். ஆனால் எந்தக் காகிதத்தை எவ்வளவு கறாராகக் கேட்பார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பக்கத்து ஊர் நண்பருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நம்ப வேண்டாம்.

1. கர்ப்பம் உறுதியானதும் உங்கள் சொந்தச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள்

குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்வது ஷ்டாண்டஸ்அம்ட் எனப்படும் ஊர்ப் பதிவு அலுவலகம். பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார்கள். பாஸ்போர்ட் எல்லோரிடமும் இருக்கும். மற்ற மூன்றில்தான் சிக்கல்.

1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டில் பிறந்த பலரின் பிறப்புச் சான்றிதழில் அவர்களுடைய பெயரே இருக்காது. பெயர் வைக்கும் முன்பே மருத்துவமனை பதிவு செய்துவிட்டதால் பெற்றோர் பெயர், தேதி, ஆணா பெண்ணா என்பதோடு அது நின்றிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்தே பாஸ்போர்ட் வாங்கியவர்களுக்கு இந்தக் குறை இத்தனை வருடம் கண்ணில் பட்டிருக்காது. ஜெர்மன் அதிகாரிக்கோ, பெயரில்லாத சான்றிதழ் உங்களுடையது என்பதற்கு ஆதாரமே இல்லை. பிறப்பு பதிவான நகராட்சியிலோ மாநகராட்சியிலோ, கிராமம் என்றால் அதற்குரிய அலுவலகத்திலோ பெயரைச் சேர்க்க விண்ணப்பியுங்கள். ஊரில் யாராவது நேரில் போய் நிற்க வேண்டிய வேலை இது. அப்பாவிடமோ அண்ணனிடமோ இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த தொல்லை இனிஷியல். சான்றிதழில் 'பி. சுப்பிரமணியன்' என்றும் பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய பெயரும் இருந்தால் இருவரும் ஒருவரா என்ற கேள்வி வரும். நோட்டரி அஃபிடவிட் எழுதிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். சில அலுவலகங்கள் ஏற்கும், பல ஏற்காது. சான்றிதழையே திருத்தி வாங்க முடிந்தால் அதுதான் உறுதியான வழி.

பிறப்பே பதிவாகவில்லை என்றால், பதிவு இல்லை என்பதற்கான சான்றை உள்ளாட்சி அலுவலகத்தில் வாங்கலாம். அதோடு வேறு எதைச் சேர்த்துக் கொடுத்தால் ஏற்பார்கள் என்று ஷ்டாண்டஸ்அம்ட்டிடம் கேட்டுவிட்டு அலையுங்கள். கேட்காமல் அலைந்தால் இரண்டு தடவை அலைய வேண்டிவரும்.

திருமணத்துக்குக் கோயில் ரசீதோ மண்டபச் சான்றோ போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். துணைவர் விசாவில் வந்தவர்களிடம் இது ஏற்கெனவே இருக்கும்.

சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலமும் சேர்ந்த படிவத்தில் புதிய பிரதி வாங்கப் பாருங்கள். தமிழ் எழுத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் தனக்குரிய எழுத்துப்பெயர்ப்பு விதிப்படி உங்கள் பெயரை எழுதிவிடுவார். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு அது ஒத்துப்போகாது, பிறகு அதற்கும் ஒரு விளக்கம் தேட வேண்டும். மொழிபெயர்ப்பை ஜெர்மனியில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடமே செய்யுங்கள். சென்னையில் செய்துகொண்டு வருவதைப் பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட் நகலையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அபோஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை வேறு நாட்டில் ஏற்கச் செய்யும் முத்திரை, பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். ஹேக் அபோஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. ஆகவே இந்த இரு நாடுகளுக்கிடையே அபோஸ்டிலுக்குச் சட்ட மதிப்பு இல்லை. ஏஜென்ட் சொன்னார் என்று எல்லாச் சான்றிதழுக்கும் முத்திரை குத்தி வாங்கும் முன் ஷ்டாண்டஸ்அம்ட்டிடம் எழுதிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் செய்வது வேறு: இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகம் மூலம், அது நம்பும் வழக்கறிஞரைக் கொண்டு ஆவணங்களை நேரில் சரிபார்க்கச் சொல்வார்கள். செலவு உங்களுடையது, காலம் மாதக் கணக்கு. கர்ப்பத்தின் நடுவிலேயே கேட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தவறு நடக்கிறது. குழந்தை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊரின் ஷ்டாண்டஸ்அம்ட்தான் பதிவு செய்யும். நீங்கள் ஃப்யுர்த்தில் குடியிருந்து எர்லாங்கன் மருத்துவமனையில் பிரசவம் என்றால் எர்லாங்கனுக்குத்தான் எழுத வேண்டும். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கவுன்ட்டரில் வேறொருவர் வேறு மாதிரி சொல்லும்போது அந்தப் பதில் கைகொடுக்கும்.

2. பெயரை, குறிப்பாகக் கடைசிப் பெயரை, முன்னரே முடிவு செய்யுங்கள்

நம் பெயர்முறையும் ஜெர்மன் படிவமும் மோதிக்கொள்ளும் இடம் இது. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது.

அப்பாவின் பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திகேயன், சர்நேம் கட்டத்தில் அவருடைய அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஜெர்மன் நடைமுறையில் குழந்தையின் குடும்பப் பெயர் முருகேசன் ஆகும். அதாவது தாத்தா பெயர். வீட்டிலோ குழந்தைக்குப் பின்னால் கார்த்திகேயன் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். 2025 மே 1 முதல் ஜெர்மனியின் பன்னாட்டுப் பெயர்ச் சட்டம் மாறியிருக்கிறது. வசிக்கும் நாட்டின் சட்டமே பெயருக்குப் பொருந்தும், ஆனால் சொந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கலாம். அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக வைக்க விரும்பினால் இந்தத் தேர்வைப் பற்றி ஷ்டாண்டஸ்அம்ட்டிடம் பிரசவத்துக்கு முன்பே கேளுங்கள். மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும்போது இதைப் பேச முடியாது.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். காலிக் கட்டத்தைச் சில அலுவலகங்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு நிரப்பும். அந்த நீளப் பெயர் குழந்தைக்கும் வந்துவிடும். பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து பெயரைப் பிரித்துக்கொள்ளலாம். பிறகு குடியிருப்பு அட்டை, முகவரிப் பதிவு, வங்கி, காப்பீடு என்று வரிசையாக மாற்ற வேண்டும். சில மாதம் பிடிக்கும் என்றாலும் செய்து முடிப்பதே மேல் என்பது என் எண்ணம். இரண்டாவது குழந்தைக்கும் அதுவே வழிவிடும்.

குழந்தையின் முதல் பெயரைப் பதிவின்போது சொல்ல முடியாவிட்டால் ஒரு மாதம் அவகாசம் உண்டு. ஜாதகம் பார்த்து முதலெழுத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு அது போதும். ஆனால் பெயர் சொல்லும்வரை சான்றிதழும் நிற்கும். பதிவான பெயரைப் பின்னால் மாற்ற வலுவான காரணம் காட்ட வேண்டும், 'எண்கணிதம் சரியில்லை' என்பது அந்தக் காரணமாகாது.

3. ஹெபாமே, மருத்துவமனை, குழந்தை மருத்துவர்

மூன்றையும் கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே தேடுங்கள். ஹெபாமே என்பவர் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்க்கும் மருத்துவச்சி. செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கிறது. ஆனால் பெரிய நகரங்களில் ஆள் கிடைப்பது கடினம்.

குழந்தை மருத்துவரைப் பிறந்த பிறகு தேடலாம் என்று விடாதீர்கள். குழந்தைகளுக்கான வழக்கமான பரிசோதனைகளுக்கு யு1, யு2 என்று வரிசைப் பெயர் உண்டு. யு2 பரிசோதனை பிறந்த மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், பெரும்பாலும் மருத்துவமனையிலேயே முடிந்துவிடும். யு3 நான்காவது, ஐந்தாவது வாரத்தில். அதற்கு வெளியே மருத்துவர் வேண்டும், பல கிளினிக்குகள் புதியவர்களைச் சேர்ப்பதில்லை.

4. ஊரிலிருந்து அம்மாவை வரவழைப்பது

ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் அம்மா வந்துவிட்டால், குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்போது கிளம்ப வேண்டும். உதவி அதிகம் தேவைப்படுவது பிறந்த பிறகுதான் என்பதால் தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் வரும்படி டிக்கெட் போடுவது நல்ல கணக்கு. அம்மா கிளம்பும் வாரத்தில் மாமியார் வருவது போல வைத்துக்கொள்கிற வீடுகள் நிறைய. இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டு ஒரே நேரத்தில் கிளம்பினால் அடுத்த நாள் காலை வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் அழைக்க வேண்டாம், அவசர காரணம் இல்லாமல் நீட்டிப்பு தருவதில்லை.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில், அதாவது அவுஸ்லெண்டர்பெஹோர்டேயில், ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங் எனப்படும் பொறுப்பேற்பு உறுதிமொழிக்கு டெர்மின் (சந்திப்பு நேரம்) எடுங்கள். வருபவரின் செலவு முழுவதும் என்னுடையது என்று நீங்கள் எழுதித் தரும் பத்திரம் அது. கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டுகளும் வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். பத்திரத்தின் மூலத்தைக் கூரியரில் ஊருக்கு அனுப்ப வேண்டும், ஸ்கேன் போதாது.

அதன் பிறகு அவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பம் ஏற்கப்படும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களைப் பல காப்பீடுகள் விலக்கிவிடும் என்பதால் சிறிய எழுத்தையும் படித்துப் பாருங்கள். தொண்ணூறு நாளுக்கான மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு எடுத்துவரச் சொல்லுங்கள்.

5. வேலையிடத்தில் சொல்ல வேண்டியவை

தாய்க்குப் பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் முட்டர்ஷுட்ஸ், அதாவது மகப்பேறு விடுப்பு. குறைப்பிரசவம் அல்லது இரட்டைக் குழந்தை என்றால் பின்னால் 12 வாரம். பொதுக் காப்பீட்டில் இருப்பவருக்கு க்ராங்கன்காஸே (மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், சுருக்கமாக காஸே) நாளுக்கு அதிகபட்சம் 13 யூரோ தரும், சராசரி நிகரச் சம்பளத்துக்கு மீதம் எவ்வளவோ அதை நிறுவனம் தரும். இதற்கு மகப்பேறு மருத்துவர் தரும் பிரசவத் தேதிச் சான்றை காஸேக்கு அனுப்ப வேண்டும்.

எல்டர்ன்ஸைட், அதாவது பெற்றோர் விடுப்பை, தொடங்கும் நாளுக்கு 7 வாரம் முன் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பா குழந்தை பிறந்த அன்றிலிருந்தே எடுப்பதானால் எதிர்பார்க்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வேலைநீக்கப் பாதுகாப்பு விடுப்புத் தொடங்குவதற்கு 8 வாரம் முன்னால்தான் ஆரம்பிக்கும். ஆகவே எழுத்தில் கொடுக்க வேண்டிய நேரம் எட்டாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாள்கள். 2025 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு மின்னஞ்சலே போதும், முன்பு போலக் கையெழுத்திட்ட கடிதம் தேவையில்லை.

இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் வரிவகுப்பையும் பாருங்கள். கணவருக்கு மூன்றாம் வகுப்பு, மனைவிக்கு ஐந்தாம் வகுப்பு என்று வைத்திருந்தால் மனைவியின் நிகரச் சம்பளம் குறைவாகத் தெரியும், அவருக்குக் கிடைக்கும் எல்டர்ன்கெல்ட்டும், அதாவது பெற்றோர் விடுப்புக் கால உதவித்தொகையும், குறையும். முட்டர்ஷுட்ஸ் தொடங்கும் மாதத்துக்கு முந்தைய 12 மாதங்களில் பெரும்பாலான மாதங்கள் எந்த வகுப்பு இருந்ததோ அதுதான் கணக்கு. கர்ப்பம் தெரிந்த முதல் மாதத்திலேயே மாற்றினால்தான் பயன் தரும், ஐந்தாம் மாதத்தில் நினைவுக்கு வந்தால் காலம் கடந்துவிட்டது.

6. பிரசவ வாரம்

மருத்துவமனையே ஒரு வாரத்துக்குள் பிறப்பை ஷ்டாண்டஸ்அம்ட்டுக்கு அறிவிக்கும். நீங்கள் பெயர்ப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, ஃபைலைக் கொடுக்க வேண்டும். மூலங்களை மருத்துவமனையில் விட வேண்டுமா, நேரில் கொண்டுபோக வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். எங்கே கொடுத்தாலும் என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் படிவத்தை அரைத் தூக்கத்தில் நிரப்பாதீர்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை முன்பே ஒரு தாளில் அச்சிட்டு வைத்து அதைப் பார்த்து எழுதுங்கள். ஒரு எழுத்துப் பிழை பாஸ்போர்ட் வரை தொடரும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய மிகச் சிறிய வேலை, தபால் பெட்டியில் குழந்தையின் கடைசிப் பெயரை ஒட்டுவது. குழந்தையின் வரி எண் குழந்தையின் பெயருக்கே தபாலில் வரும். நம் வீடுகளில் அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் மூன்று கடைசிப் பெயர் இருக்கலாம். பெட்டியில் அந்தப் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

7. கெபுர்ட்ஸ்உர்குண்டே (பிறப்புச் சான்றிதழ்): எத்தனை, எந்த வகை

கிண்டர்கெல்ட் (குழந்தைக்கான மாத உதவித்தொகை), எல்டர்ன்கெல்ட், மகப்பேறு உதவி ஆகியவற்றுக்கான பிரதிகள் இலவசம். ஆனால் அவற்றில் எந்தக் காரியத்துக்கு என்று அச்சிட்டிருக்கும், வேறு இடத்தில் செல்லாது. இந்தியத் தூதரகத்தில் அதை நீட்டிவிட்டுத் திரும்பி வருபவர்கள் உண்டு. காசு கொடுத்து இரண்டு மூன்று பொதுப் பிரதிகள் கூடுதலாக வாங்குங்கள். அவற்றில் ஒன்றையாவது பன்மொழிப் படிவத்தில் கேளுங்கள். ஆங்கிலமும் அதில் இருப்பதால் தூதரகத்துக்கு மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

பெற்றோரின் ஆவணங்களில் சந்தேகம் இருந்தால் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்ற குறிப்போடு பதிவேட்டுப் பிரதி ஒன்றைத் தருவார்கள். பயந்துவிட வேண்டாம். குழந்தையின் பிறப்பு பதிவாகிவிட்டது என்பதற்கு அது செல்லுபடியாகும் ஆதாரம். கிண்டர்கெல்ட், காப்பீடு போன்றவற்றை அதை வைத்தே தொடங்கலாம். இந்தியத் தூதரகம் ஏற்குமா என்பதை மட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள். பதிவே தள்ளிவைக்கப்பட்டால் அதற்கும் ஒரு சான்று உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டாம்.

வாங்கிய இடத்திலேயே ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள். பெற்றோர் பெயரில் உள்ள பிழையும் பிழைதான்.

8. சான்றிதழ் வந்த அதே வாரத்தில்

முதலில் காப்பீடு. பொதுக் காப்பீட்டில் குழந்தையைக் கூடுதல் கட்டணமின்றி பெற்றோரோடு சேர்க்கலாம். பெற்றோரில் ஒருவர் தனியார் காப்பீட்டில் இருந்து, காப்பீட்டுச் சட்டம் வைத்திருக்கும் வருமான வரம்புக்கு மேல் சம்பாதித்து, அது மற்றவர் சம்பளத்தைவிட அதிகமாகவும் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. குழந்தையைத் தனியார் காப்பீட்டில் சேர்ப்பதானால் இரண்டு மாதத்துக்குள் அறிவியுங்கள். அப்போதுதான் உடல்நலக் கேள்விகள் இல்லாமல் பிறந்த நாளிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். அட்டை வரும் முன் யு3 வந்துவிட்டால் காஸேயிடம் தற்காலிகச் சான்று கேளுங்கள்.

அடுத்தது எல்டர்ன்கெல்ட். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 3 மாதங்களுக்கு மட்டுமே பின்தேதியிட்டுக் கிடைக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அடிப்படைத் தொகை மாதம் 300 முதல் 1,800 யூரோ வரை. 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, வரி விதிக்கத்தக்க ஆண்டு வருமானம் 1,75,000 யூரோவைத் தாண்டினால் கிடையாது.

அதிகம் பேர் தடுமாறுவது மாதக் கணக்கில். இங்கே மாதம் என்பது குழந்தையின் மாதம். குழந்தை 17-ஆம் தேதி பிறந்தால் 17 முதல் அடுத்த 16 வரை ஒரு மாதம். அப்பா ஜூன் 1 முதல் 30 வரை விடுப்பு எடுத்தால் இரண்டு குழந்தை மாதங்களில் பாதிப் பாதி சம்பளம் வந்து விழும், உதவித்தொகை சுருங்கிப்போகும். ஒருவர் குறைந்தது இரண்டு மாதமாவது எடுக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் முழு அடிப்படைத் தொகை பெறுவது பொதுவாக முதல் ஆண்டுக்குள் ஒரே ஒரு மாதம்தான். தாய்க்கு மகப்பேறு பணம் வரும் முதல் இரண்டு மாதங்கள் அவருடைய கணக்கிலேயே கழியும் என்பதையும் அட்டவணை போடும்போது மறக்க வேண்டாம்.

கிண்டர்கெல்ட் 2026 ஜனவரி முதல் மாதம் 259 யூரோ. ஃபமிலியன்காஸே என்ற குடும்ப உதவித்தொகை அலுவலகத்தில் விண்ணப்பம். குழந்தையின் வரி எண் வந்ததும் இணையத்திலேயே முடித்துவிடலாம். ஆறு மாதம் பின்னோக்கித் தருவார்கள், அதற்கு மேல் இல்லை.

கிட்டாவுக்கும் (குழந்தைகள் பகல் காப்பகம்) இதே வாரத்தில் நகராட்சித் தளத்தில் பதிந்துவிடுங்கள். முதல் பிறந்தநாள் முதல் இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்ட் 1-லிருந்து சட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. சேர்ந்த பிறகு குழந்தை பழக சில வாரம் பிடிக்கும், அந்த வாரங்களில் பெற்றோரில் ஒருவர் கூட இருக்க வேண்டும். விடுப்பு முடியும் நாளும் கிட்டா தொடங்கும் நாளும் ஒன்றாக இருக்கும்படி திட்டமிட்டவர்கள் அந்த மாதம் திண்டாடிப்போகிறார்கள்.

9. பாஸ்போர்ட்டுக்கு முன், குழந்தை எந்த நாட்டுக் குடிமகன் என்று பாருங்கள்

ஜெர்மனியில் பிறந்ததால் மட்டும் ஜெர்மன் குடியுரிமை வராது. குழந்தை பிறந்த அன்று பெற்றோரில் ஒருவர் குறைந்தது 5 ஆண்டு சட்டப்படி இங்கே வசித்திருந்து, நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் வைத்திருந்தால் வரும். 2024 ஜூன் 27-க்கு முன் இது 8 ஆண்டாக இருந்தது. ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டீர்கள், நிரந்தர அனுமதிக்குத் தகுதியும் இருக்கிறது என்றால் பிரசவத்துக்கு முன்பே அதை வாங்கப் பாருங்கள்.

குழந்தை ஜெர்மன் குடிமகன் என்றால் இந்தியப் பாஸ்போர்ட் கேட்கக் கூடாது. இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கி, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு அடுத்த இரண்டு படிகளும் தேவையில்லை.

10. இந்தியப் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும்

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் குழந்தையிடம் இல்லை என்று பெற்றோர் எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். 'இப்போது ஊருக்குப் போகவில்லையே, பாஸ்போர்ட் எதற்கு' என்று இருந்துவிடுபவர்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

பெர்லினில் தூதரகமும் ஃப்ராங்க்ஃபுர்ட், ஹம்புர்க், ம்யூனிக் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் மாநிலம் எதன் கீழ் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். பெற்றோர் இருவரின் கையெழுத்தும் மூலப் பாஸ்போர்ட்டுகளும் தேவை. பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் இல்லாதவர்கள் திருமணச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். ஒருவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகும் நிலையில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

விண்ணப்பம் திரும்புவதற்குப் பெரும்பாலும் புகைப்படமே காரணம். வெள்ளைத் துணியில் குழந்தையைக் கிடத்தி, ஜன்னல் வெளிச்சத்தில், மேலிருந்து எடுங்கள். கண் திறந்திருக்க வேண்டும், பிடித்திருக்கும் கை படத்தில் விழக் கூடாது. பால் குடித்து முடித்த நேரம் நல்ல நேரம்.

11. குடியிருப்பு அனுமதி

குழந்தைக்கான அனுமதிக்குப் பிறந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் வரட்டும் என்று அதுவரை காத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழை வைத்து அவுஸ்லெண்டர்பெஹோர்டேக்கு எழுதி, பாஸ்போர்ட் விண்ணப்ப ரசீதையும் இணைத்துவிடுங்கள். கெடுவுக்குள் கேட்டதற்கு ஆதாரமாகும், டெர்மின் வரிசையிலும் இடம் கிடைக்கும். 2025 மே முதல் இந்த அட்டைக்கான படம் டிஜிட்டலாகத்தான் ஏற்கப்படுகிறது. அலுவலகத்திலோ அங்கீகாரம் பெற்ற படக்கடையிலோ எடுக்க வேண்டும். கைரேகை ஆறு வயதுக்குக் கீழ் எடுப்பதில்லை.

குழந்தையின் அனுமதிக் காலம் பொதுவாகப் பெற்றோரின் காலத்தையொட்டியே தரப்படும். உங்கள் அட்டை சில மாதத்தில் முடிகிறது என்றால் இரண்டையும் ஒரே டெர்மினில் முடிக்கக் கேளுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் மறுபடியும் அதே வரிசை.

12. ஊருக்குப் போவதற்கு முன்

அட்டை கையில் வரும்வரை டிக்கெட் போடாதீர்கள் என்பதே என் கறாரான அறிவுரை. பாஸ்போர்ட் மட்டும் வைத்துக்கொண்டு குழந்தை ஜெர்மனியை விட்டு வெளியேறலாம், திரும்பி வர முடியாது. சென்னையில் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், ஒருவருடைய விடுப்பு அதிலேயே தீரும். ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகத் தாள் கொடுத்திருந்தால் எந்தப் பெட்டியில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால்தான் அதை வைத்துத் திரும்பலாம். பிறந்த குழந்தைக்குத் தரப்படுவது பெரும்பாலும் 3-ஆம் உட்பிரிவு.

தாய் மட்டும் குழந்தையோடு போவதானால் தந்தையின் சம்மதக் கடிதமும் அவருடைய பாஸ்போர்ட் நகலும் பையில் இருக்கட்டும். கடைசிப் பெயர் வேறாக இருப்பதால் எல்லையில் உறவைக் கேட்பது சகஜம், பன்மொழிப் பிறப்புச் சான்றிதழ் அங்கே உடனே பதில் சொல்லிவிடும். டிக்கெட்டில் குழந்தையின் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே, அதே கட்டங்களில் அடியுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு புக் செய்த டிக்கெட்டை, திருத்தக் கட்டணம் கட்டித்தான் மாற்ற வேண்டியிருக்கும்.